டேக்கிளா, ஃபிளாகா?

அமெரிக்க ஃபுட்பாலில் காலுக்கு வேலை கம்மிங்க, மோதி ஆளைச் சாய்க்கிற டேக்கிள்தான் ஜாஸ்தி. குட்டிப் பசங்களையும் ஹெல்மெட் மாட்டி இறக்கிடறாங்க. ஹெல்மெட் மண்டையோட்டைக் காக்கும், சரி. உள்ளே மூளை குலுங்கறதை நிறுத்தாதே! 6 முதல் 14 வயசுப் பசங்களை வச்சு 2021-ல் வெளியான சிடிசி ஆய்வுல, ஃபிளாக் ஆடறவங்களைவிட டேக்கிள் ஆடறவங்க தலைக்கு 15 மடங்கு இடி. ஃபிளாகில் இடுப்புப் பட்டையில தொங்கற துணியை உருவினா போதும். ஓட்டம், எறிதல், பிடித்தல் எல்லாம் அதிலும் உண்டு. 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில்கூட அதைத்தான் சேர்த்திருக்காங்க.

"சின்ன வயசிலேயே மோதிப் பழகினாதான் பெரிசானதும் அடிபடாம ஆட வரும்"ங்கறான் என் ரூம்மேட், டெக்சாஸ்காரன். கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா பழகற வருஷங்கள்ல வாங்கற இடியை யார் கணக்குல எழுதறது? அவன் தம்பிக்கு எட்டு வயசு. மோதறதை ஹைஸ்கூல்ல கத்துக்கட்டுமே!