கானாவில் போன கரன்ட்... கப்பல் கம்பெனிக்கு வந்த உயிர்!

காலையில் ஆபீஸ் போனதும் கம்ப்யூட்டரில் பெயரையும் பாஸ்வேர்டையும் தட்டுகிறீர்கள். திரை திறக்கிறது. மேஜையில் இருக்கும் அந்த கம்ப்யூட்டர்தான் உங்களை அடையாளம் கண்டுகொண்டது என்று தோன்றும். பெரிய ஆபீஸ்களில் பெரும்பாலும் அப்படி இல்லை. அது சத்தமில்லாமல் இன்னொரு சர்வரிடம் போய், "இவர் நம்ம ஆளா, எதையெல்லாம் திறந்துவிடலாம்?" என்று கேட்டுவிட்டு வருகிறது.

அந்த சர்வரில் இருப்பது ஒரு பதிவேடு. டைரக்டரி சர்வீஸ் என்பார்கள். யார் எந்தப் பிரிவில் இருக்கிறார், எந்த ஃபைலைத் திறக்கலாம், எந்த பிரின்டரைப் பயன்படுத்தலாம் என எல்லாம் அதில் இருக்கும். பெயர் என்னவோ பழைய டெலிபோன் டைரக்டரியை ஞாபகப்படுத்தும். ஆனால், இது வாட்ச்மேன் வேலையும் சேர்த்துப் பார்க்கிறது. விண்டோஸ் 2000-உடன் வந்த மைக்ரோசாஃப்ட்டின் 'ஆக்டிவ் டைரக்டரி' இதில் ரொம்பப் பிரபலம். பதிவேட்டை வைத்திருக்கும் சர்வருக்கு 'டொமைன் கன்ட்ரோலர்' என்று பெயர்.

அக்கவுன்ட்ஸ் பிரிவுக்குப் புதிதாக ஒருவர் வந்தால், அந்த குரூப்பில் அவர் பெயரை ஒருமுறை சேர்த்தால் போதும். வேலையை விட்டுப் போனால், ஒரே இடத்தில் முடக்கிவிடலாம். (முடக்க மறந்துவிடும் ஆபீஸ்கள் உண்டு. அது தனிக்கதை!) இப்படி எல்லாச் சாவியும் ஒரே கொத்தில் இருப்பது வசதிதான். கொத்தே தொலைந்துபோனால்?

டென்மார்க்கின் கப்பல் நிறுவனமான மேர்ஸ்க்குக்கு அதுதான் நடந்தது. 2017 ஜூன் 27. உக்ரைனில் பலர் பயன்படுத்திய ஒரு கணக்கு சாஃப்ட்வேரின் அப்டேட் வழியாக 'நாட்பெட்யா' என்ற வைரஸ் பரவியது. கம்ப்யூட்டர் மெமரியில் தங்கியிருக்கும் அட்மின் பாஸ்வேர்டுகளைத் திருடி, அடுத்தடுத்த கம்ப்யூட்டர்களுக்குத் தாவுவது அதன் வழி. பாஸ்வேர்டு சரியாக இருந்தால் வாட்ச்மேன் கதவைத் திறந்துவிடத்தானே செய்வார்!

மேர்ஸ்க்கிடம் சுமார் 150 டொமைன் கன்ட்ரோலர்கள் இருந்தன. ஒன்றில் எழுதுவது மற்றவற்றிலும் பதிவாகும். ஒன்று பழுதானால் இன்னொன்று கைகொடுக்கும் என்ற தைரியம். அத்தனையும் ஒரே நேரத்தில் அழியும் என்று யாரும் கணக்குப் போடவில்லை. மற்ற சர்வர்களின் பேக்கப் கிடைத்தது. பதிவேட்டின் பேக்கப் மட்டும் எங்கு தேடியும் கிடைக்கவில்லை. அது இல்லாமல் மற்றவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்ய? யார் ஊழியர், யாருக்கு என்ன அனுமதி என்பதே கம்பெனிக்குத் தெரியாத நிலை.

உலகம் முழுக்க இருந்த கிளைகளுக்கு போன் போட்டதில், ஒன்றே ஒன்று தப்பியிருந்தது தெரிந்தது. கானாவில். வைரஸ் தாக்குவதற்கு முன்பே அங்கே கரன்ட் போயிருந்ததால் அந்த கம்ப்யூட்டர் நெட்வொர்க்கில் இல்லை. பவர் கட்டுக்கு ஒரு நிறுவனம் இவ்வளவு நன்றி சொன்னது வேறெங்கும் நடந்திருக்குமா தெரியவில்லை.

மீட்பு வேலை நடந்தது இங்கிலாந்தில். கானாவின் இன்டர்நெட் வேகத்தில் அவ்வளவு டேட்டாவை அனுப்ப நாள்கணக்கில் ஆகும். நேரில் கொண்டுபோகலாம் என்றால், அங்கிருந்த ஊழியர்களிடம் பிரிட்டிஷ் விசா இல்லை. கடைசியில் ஒருவர் நைஜீரியாவுக்குப் பறந்து, ஏர்போர்ட்டில் இன்னொரு ஊழியரிடம் ஹார்டு டிஸ்க்கைக் கொடுத்தார். அவர் ஆறரை மணி நேரம் பறந்து லண்டனில் இறங்கினார்.

பத்து நாள்களில் 4,000 சர்வர்களையும் 45,000 கம்ப்யூட்டர்களையும் புதிதாக நிறுவியதாக, மேர்ஸ்க்கின் சேர்மன் ஜிம் ஹேகமன் ஸ்னாபே 2018 ஜனவரியில் டாவோஸ் மாநாட்டில் சொன்னார். நஷ்டம் 30 கோடி டாலர் வரை. அந்தப் பத்து நாள்களும் கப்பல்கள் துறைமுகத்துக்கு வந்துகொண்டேதான் இருந்தன. வழக்கமான சரக்கில் 20 சதவிகிதம்தான் குறைந்ததாம். மீதியை ஊழியர்கள் கையாலேயே சமாளித்திருக்கிறார்கள்.