கூரையில் குடியிருந்த பறவை

வட அமெரிக்க நகரங்களில் கோடைக்காலப் பொழுது சாயும்போது, ‘பீன்ட், பீன்ட்’ என்ற ஒலி வானிலிருந்து கேட்கும். நிமிர்ந்து பார்த்தால், சிறகுகளில் வெள்ளைப் பட்டை தெரிய, ஒரு பறவை வளைந்து வளைந்து பறந்து பூச்சிகளைப் பிடித்துக்கொண்டிருக்கும். அதனை ‘இரவுப் பருந்து’ என்பர். பெயரில்தான் பருந்து, உண்மையில் அது பக்கி இனத்தைச் சேர்ந்தது.

இப்பறவை கூடு கட்டுவதில்லை. வெறுந்தரையிலேயே பெரும்பாலும் இரண்டு முட்டைகளை இடும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நகரக் கட்டடங்களுக்குச் சரளைக்கல் பரப்பிய தட்டைக் கூரைகள் அமைக்கப்பட்டன. அவற்றிலும் இப்பறவை குடியேறியது. புள்ளிகள் நிறைந்த முட்டைகள் கற்களோடு கற்களாய்த் தோன்றியதால், எதிரிகளின் கண்ணில் எளிதில் படவில்லை.

பின்னர், சரளைக்குப் பதிலாக வழவழப்பான ரப்பர் விரிப்புகள் வந்தன. அவற்றின்மேல் முட்டைகள் உருண்டோடின. பூச்சிகள் குறைந்ததால் இரையும் அரிதாயிற்று. கனடாவில் 2007ஆம் ஆண்டு இப்பறவை அச்சுறுத்தலுக்குள்ளான இனமாக மதிப்பிடப்பட்டது. 2018ஆம் ஆண்டில் நிலை சற்று மேம்பட்டதாகக் கருதப்பட்டாலும், கவலை முழுமையாக நீங்கவில்லை.

கூரையை மாற்றியவர்கள் பறவையை விரட்ட நினைக்கவில்லை. ஒழுகாத கூரையே அவர்களுக்குத் தேவைப்பட்டது. தங்கள் தலைக்குமேல் ஒரு குடும்பம் வாழ்ந்ததைப் பலர் அறிந்திருக்கவும் மாட்டார்கள்.

ஆகவேதான், பறவை ஆர்வலர்கள் கோடை மாலைகளில் வானத்தை உற்றுநோக்கி, கண்ட பறவைகளை எண்ணிப் பதிவு செய்கின்றனர். சில நகரங்களில் கூரைகளின்மேல் மீண்டும் சரளையைப் பரப்பியும் பார்த்தனர். இருப்பதை அறிந்தால்தானே இழப்பதையும் உணர முடியும்?