டேப், டேப், என்டர்

ஒரு சின்ன சோதனை. மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு, டச்பேடிலும் கை படாமல், ஏதாவது ஓர் இணையதளத்தில் பத்து நிமிடம் வேலை பாருங்கள். கண்ட்ரோல்-எல் அடித்தால் முகவரிப் பட்டை. டேப் அடித்தால் அடுத்த லிங்க் அல்லது கட்டம், ஷிஃப்ட்-டேப் என்றால் முந்தையது. லிங்க்குக்கு என்டர், செக்பாக்ஸுக்கு ஸ்பேஸ். ஆல்ட்டோடு இடது அம்புக்குறி, வந்த வழியே திரும்ப. ஐடிக்காரர்கள் மத்தியில் இதற்கு ஒரு கெத்து உண்டு. வேகமாம்.

ஆம்பூரில் இருக்கும் என் சின்னம்மாவுக்கு இது கெத்து இல்லை. இருபது வருஷத்துக்கு மேல் வீட்டிலேயே உட்கார்ந்து ஷூ அப்பர் தைத்தவர். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. ஊசியை இழுத்து இழுத்து வலது மணிக்கட்டும் கட்டைவிரலும் போய்விட்டன. மவுஸைப் பிடித்து, அம்பை ஒரு சின்ன பொத்தான்மேல் நிறுத்தி அமுக்க அவரால் முடியாது. ஆனால் ஒரு விரலால் விசையைத் தட்ட முடியும். சொல்லிக்கொடுத்ததும், "இது பரவால்லடா கண்ணு, தையல் மாதிரி ஒண்ணொண்ணா போவுது" என்றார்.

ஒரு நலத்திட்ட விண்ணப்பத்தில் பிறந்த தேதி வரை அப்படித்தான் போனது. அங்கே ஒரு காலண்டர் திறந்தது. டேப் அடித்தால் அதற்குள்ளேயே சுற்றுகிறது, எஸ்கேப்புக்கும் மூடவில்லை. இதற்குப் பெயரே 'விசைப்பலகைப் பொறி'. 2008 டிசம்பரில் வெளிவந்த டபிள்யூசிஏஜி 2.0 வழிகாட்டி, இது கூடவே கூடாது என்பதைக் குறைந்தபட்ச நிலையிலேயே வைத்திருக்கிறது. நான் மவுஸால் அதைத் தாண்டிவிட்டேன். கடைசியில் 'சமர்ப்பி'க்கும் டேப் போகவில்லை. ஏனென்றால் அது பொத்தானே இல்லை. பொத்தான் மாதிரி நிறம் பூசிய ஒரு 'டிவ்'. ஹெச்டிஎம்எல்லில் 'பட்டன்' என்று எழுதியிருந்தால் பிரவுசரே அதை விசைக்குக் கட்டுப்பட வைத்திருக்கும்.

பிரவுசிங் சென்டருக்குப் போகலாமா என்றேன். "என் பேங்க் நம்பரு, ஓடிபி எல்லாத்தையும் அந்தப் பையன்கிட்ட சொல்லணுமா?" என்று கேட்டார். விஷயம் வேகத்தைப் பற்றியதே இல்லை.

ஆம்பூரிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் வேலூர். அங்கே சிஎம்சியில் 1940களின் கடைசியில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யத் தொடங்கினார். செயல்படும் தசைநாரை இடம் மாற்றிக் கட்டி, செயலிழந்த தசையின் வேலையை அதற்குக் கொடுப்பது அந்த முறை. டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் நடந்த விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். பிறகு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே அந்தக் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். ஒரு வழி அடைபட்டால் இன்னொரு வழி. விசைப்பலகையும் அப்படி ஒரு வழிதான். அதை அடைத்துவிட்டால் சிலருக்கு வேறு வழியே இல்லை.

2025 ஏப்ரல் 30-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்ததால் காலண்டர் தானாக மூடிக்கொள்ளாது. அதை யாராவது ஒரு இன்ஜினியர்தான் சரிசெய்ய வேண்டும். எங்கள் டீமில் இப்போது ஒவ்வொரு ரிலீஸுக்கு முன்பும் ஒருவர் மவுஸைக் கழற்றிவிட்டு, ஃபார்மை முதல் கட்டத்திலிருந்து 'சமர்ப்பி' வரை நிரப்பிப் பார்க்கிறார். அரை மணி நேர வேலை.