பதினாலுக்கு இருபத்து நாலு

முடிச்சூரில் வீடு வாங்கியிருக்கிறேன் என்று சொன்னால், கேட்கிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

"எத்தனை அடி ஏத்தியிருக்கு?"

என்ன விலை, ஸ்டேஷன் எவ்வளவு தூரம், பசங்களுக்கு ஸ்கூல் கிட்டேயா – இதெல்லாம் அப்புறம்தான். 2015 நவம்பர், டிசம்பரில் டி.வி.யில் படகு போன தெருக்களைப் பார்த்திருப்பீர்கள். அதே ஏரியாதான் ஸார். ஆதனூர், மண்ணிவாக்கம் என்று சுற்று வட்டார ஏரிகள் ரொம்பினால் உபரித் தண்ணீர் அடையாற்றுக்குப் போக வேண்டும். போகிற வழியில் குறுக்கே நாங்கள் குடித்தனம் வைத்திருக்கிறோம். தண்ணீரைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. அது எங்களுக்கு முந்தி வந்த குடி!

அதனால் எங்கள் வீடு நாலு அடி ஏற்றிக் கட்டப்பட்டது. எதைப் போட்டு ஏற்றினார்கள் என்பது 2022 வைகாசியில் பால் காய்ச்சிய மறுநாள் தெரிந்தது.

பின்பக்கம் பதினாலுக்கு இருபத்து நாலு அடியில் ஓர் இடம். பத்திரத்தில் 'காலி இடம்' என்று போட்டிருந்தது. அம்மா அதைப் பார்த்ததும் "கொல்லை" என்றாள். மேஸ்திரி "யுடிலிடி ஸார்" என்றார்.

"கையோட சிமென்ட் போட்டு டைல்ஸ் ஒட்டிரலாம் ஸார். துணி காயப் போடலாம், வாஷிங் மெஷின் வெக்கலாம். மண்ணுன்னு வுட்டீங்கன்னா எலி வரும், எலி பின்னாலயே பாம்பு வரும்."

பாம்பு என்றதும் என் மனைவி மேஸ்திரி கட்சியில் சேர்ந்துவிட்டாள். நாற்பத்தைந்தாயிரம் ஆகும் என்றதும் நான் அம்மா கட்சிக்குத் தாவினேன். (பி.காம். படித்ததற்கு இதுவாவது மிஞ்ச வேண்டாமா?)

அம்மா வாதாடவில்லை. "அரிசி களைஞ்ச தண்ணிய எங்கடா ஊத்தறது?" என்று மட்டும் கேட்டாள். அதற்கு எங்கள் மூவரிடமும் பதில் இல்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த வீட்டுக்கு நான் கட்டிய முன்பணம், திருவையாறு பக்கத்தில் இருந்த எங்கள் பூர்வீக வீட்டை விற்று வந்தது. அந்த வீட்டில் கூடத்தைவிடக் கொல்லைதான் பெரிசு. கிணறு, நாலு தென்னை, கிணற்றடித் தண்ணீரில் வாழை, கோடியில் ஒரு முருங்கை. அப்பா போனபிறகு அம்மா தனியாக இருந்த ஆறு வருஷமும் அவளுக்குத் துணை அந்தக் கொல்லைதான். "வித்துடலாம்டா, உனக்கும் வாடகை மிச்சம்" என்று அவளாகத்தான் சொன்னாள். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவள், அன்று தொட்டு அந்த வீட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. திட்டியிருந்தாலாவது எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஆக, டைல்ஸ் கேன்ஸல்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடப்பாரையுடன் இறங்கினேன். முதல் போடு – டங்! செங்கல். இரண்டாவது போடு – நீல மொசைக். அரை அடி ஆழத்துக்குள் உடைந்த சிங்க், மக்காத சிமென்ட் சாக்கு, இடது கால் ரப்பர் செருப்பு, வெஸ்டர்ன் டாய்லெட்டின் ஒரு பாதி. கீழடியில்கூட இத்தனை வெரைட்டி கிடைத்திருக்காது. யாரோ இடித்த வீட்டின் மேல் நாங்கள் வீடு கட்டியிருக்கிறோம். மண் என்று பார்த்தால், கலரே சாம்பல். தொட்டால் கை வறண்டு போகிற சுண்ணாம்புச் சமாசாரம்.

அம்மா ஊரிலிருந்து கிளம்பும்போதே கோணியில் சுற்றி ஒரு முருங்கைப் போத்து எடுத்து வந்திருந்தாள். பத்திரம் முடிந்த கையோடு கோடி மரத்தில் வெட்டியது. மூன்றடிக் கம்பு. 'முருங்கையை நட்டவன் வெறுங்கையோடு நடப்பான்' என்று பழமொழியே இருக்கிறது. குச்சியை ஊன்றினால் போதும், எங்கேயும் வந்துவிடும் என்று ஊன்றினோம். மேல் நுனிக்குச் சாணி உருண்டை வைத்தோம். பத்தாம் நாள் ஒரு துளிர். இருபதாம் நாள் துளிர் மஞ்சள். அடுத்த வாரம் அம்மா பிடித்து இழுத்துப் பார்த்தாள். அடி அழுகி, கையோடு வந்துவிட்டது. கீழே ஒரு டைல்ஸ் துண்டு படுத்துக்கொண்டு தண்ணீரை இறங்கவிடாமல் செய்திருக்கிறது.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கம்பைச் சுவரோரம் சாத்தி வைத்தாள். அன்று ராத்திரி "பசிக்கலடா" என்று படுத்துவிட்டாள்.

மறுநாளிலிருந்து நாங்கள் செய்ததைத் தோட்டக்கலை என்று சொல்ல முடியாது. கட்டட வேலை என்பதே சரி. ஒன்றரை அடிக்குத் தோண்டி, கல்லைப் பொறுக்கி, சல்லடையில் சலித்து, மூட்டை கட்டி, குட்டி யானை பிடித்து அனுப்பினோம். காசு கொடுத்து வந்த குப்பையைக் காசு கொடுத்தே வெளியேற்றினேன். பிறகு ஒரு லோடு செம்மண், எட்டு மூட்டைத் தொழு உரம். "பேசாம டைல்ஸே போட்டிருக்கலாம்" என்றாள் மனைவி. கணக்குப்படி அவள் சொன்னது சரி.

அம்மா வேறு யோசனையில் இருந்தாள். சித்தப்பாவுக்குப் போன் போட்டு, கால் கிலோ தக்கைப்பூண்டு விதை வரவழைத்தாள். தஞ்சாவூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நடவுக்கு முன்னால் வயலில் விதைத்து மடக்கி உழுவார்களே, அது. உப்பு மண்ணையும் தாங்கும். வேர் முடிச்சில் தழைச்சத்தைச் சேர்த்து வைக்கும். ஆடிக் கடைசியில் விதைத்தோம். ஆளுயரத்துக்கு மளமளவென்று வந்தது. பக்கத்து வீட்டு ரிடையர்டு பாங்க் ஆபீஸர் மதில் மேல் எட்டிப் பார்த்து, "என்ன ஸார், கீரையா?" என்றார். அவர் வீட்டுப் பின்பக்கம் பளபளவென்று டைல்ஸ்.

நாற்பத்தைந்தாவது நாள், பூ எடுக்கிற சமயத்தில், அத்தனையையும் வெட்டி மண்ணுக்குள்ளேயே மூடினோம். பாங்க் ஸார் பதறிப்போனார். "நல்லா வளர்ந்ததைப் போய் அழிச்சுட்டீங்களே!"

ஐப்பசி மழை முடிந்து தோண்டியபோது, மண் கறுத்திருந்தது. இரண்டு மண்புழு! அம்மா என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். பேரன் பிறந்தபோது காட்டிய அதே முகம்.

2023 தை மாசம் ஊரில் ஒரு கல்யாணம். அம்மாவும் நானும் போனோம். தாலி கட்டி முடிந்ததும் அம்மாவைக் காணோம். எங்கே போயிருப்பாள் என்று எனக்குத் தெரியும். விற்ற வீட்டின் கொல்லைப் படலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். உள்ளே கூப்பிட்டும் போகவில்லை. "ஒரு போத்து மட்டும் வெட்டிக் குடும்மா, போதும்" என்று அந்த வீட்டுக்காரப் பெண்ணிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். முப்பத்தெட்டு வருஷம் அவள் தண்ணீர் ஊற்றிய கொல்லை. நான் திரும்பி நின்றுகொண்டேன். படல் ஓரத்தில் ஆடு ஒன்று எதையோ மேய்ந்துகொண்டிருந்தது. அதையே ரொம்ப நேரம் பார்த்தேன்.

போத்து உழவன் எக்ஸ்பிரஸில் தாம்பரத்துக்கு வந்தது. (ரயிலுக்குப் பொருத்தமான பெயர்தான்.) லோயர் பெர்த்தில் அம்மா, அவள் பக்கத்தில் ஈரக் கோணி சுற்றிய கம்பு. டி.டி.ஆர். டார்ச் அடித்து, "இது என்னம்மா?" என்றார்.

"முருங்க."

"பெர்த் வேணுமா அதுக்கு?"

"கீழ போட்டா யாராவது மிதிச்சுருவாங்க."

அவர் டிக்கெட்டில் கிறுக்கிவிட்டுப் போய்விட்டார்.

இந்தத் தடவை போத்து பிடித்துக்கொண்டது. கூடவே கறிவேப்பிலைக் கன்று, நந்தியாவட்டை, சமையலறைத் தண்ணீர் போகிற வழியில் கல்வாழையும் ஒரு பூவன் வாழையும். கறிவேப்பிலைக்குப் புளித்த மோர். அம்மாவின் அரிசி களைந்த தண்ணீருக்கும் முகவரி கிடைத்துவிட்டது. மேஸ்திரி சொன்னபடி பாம்பும் வந்தது. சாரைதான், விஷமில்லை, எலிக்குத்தான் வருகிறது என்று மனைவியிடம் எடுத்துச் சொன்னேன். அவள் ஒரு வாரம் அம்மா வீட்டிலிருந்து எடுத்துச் சொன்னாள்.

டிசம்பரில் மிக்ஜாம் புயல். 3ந் தேதி ராத்திரி ஆரம்பித்த மழை மறுநாள் முழுக்க விடவில்லை. தெரு மறுபடி ஆறு. கொல்லை மண் தண்ணீரையெல்லாம் குடித்துவிட்டது என்று நான் பெருமையடிக்க முடியாது. அந்த மழைக்கு முன்னால் பதினாலுக்கு இருபத்து நாலு எம்மாத்திரம்? நாலு அடி ஏற்றியதில் வீட்டுக்குள் வரவில்லை, அவ்வளவுதான். விடிகாலையில் பின்னால் சடசடவென்று ஒரு சத்தம். மாடி உயரத்துக்கு வந்து, பூவும் பிஞ்சுமாக நின்ற முருங்கை இடுப்போடு முறிந்து கிடந்தது.

எனக்கு அம்மாவை எழுப்பவே பயமாக இருந்தது.

அவள் எழுந்து வந்து பார்த்தாள். "முருங்கன்னா ஒடியத்தான் செய்யும். அருவாள எடு" என்றாள்.

மழை விட்டதும் விழுந்த கிளைகளை மூன்று மூன்று அடியாக நறுக்கினாள். பதினோரு போத்து. ஒன்று பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே ஊன்றப்பட்டது. மீதியை வாசலில் சாத்தி வைத்துவிட்டு, சேறு அள்ள வந்தவர், பால்காரர், எதிர் வீடு என்று போகிற வருகிறவர்களுக்கெல்லாம் கொடுத்தாள். நிவாரணப் பொருள் மாதிரி.

கடைசிக் கம்பைப் பாங்க் ஸார் வாங்கிக்கொண்டார். கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார்.

"எங்கம்மா நடறது?"

அடுத்த வாரம் அவர் வீட்டுப் பின்பக்கம் டைல்ஸ் உடைக்கிற சத்தம் கேட்டது. மதில் மேல் எட்டிப் பார்த்தேன். எங்கள் மேஸ்திரி! ஒட்டினதும் இவர்தானாம். ஒட்டினதற்கு ஒரு கூலி, உடைக்கிறதற்கு ஒரு கூலி. என்னைப் பார்த்ததும் சலாம் போட்டார்.