வண்டிக்கும் வீட்டுக்கும் நடுவில்

வண்டிக்குள்ளேயே வீட்டைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வருகிறவர்கள் இப்போது நாஞ்சில் நாட்டிலும் கண்ணில் படுகிறார்கள். டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, உள்ளே கட்டில், அடுப்படி, சின்ன ஏ.சி., கூரையில் சோலார் பலகை எல்லாம் வைத்து, பெங்களூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ ஓட்டி வந்து, கோயில் கொடை முடியும்வரை தங்கிவிட்டுப் போகிறார்கள். கேரள அரசு 2021-இல் கேரவன் சுற்றுலாவுக்கென்று தனிக் கொள்கையே அறிவித்தது. நம் பக்கம் இந்த வண்டிகள் நிற்பது பெரும்பாலும் உறவுக்காரர் வீட்டு முற்றத்தில்தான். கார் ஷெட்டில் இருக்கும் 16 ஆம்பியர் பிளக்கில் ஒயரைச் செருகுவார்கள். ராத்திரி எல்லாம் ஓடும். விடிந்தால் வண்டிக்குள் ஒன்றும் ஓடாது. அப்போதுதான் என்னைப் போன்ற வயர்மேனுக்கு போன் வரும்.

இந்தப் பழுதின் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. வீட்டுக்காரர் வண்டியைக் குற்றம் சொல்வார், வண்டிக்காரர் வீட்டைச் சொல்வார். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கும். வீட்டில் ஃபேனும் ஃபிரிட்ஜும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். வண்டியும் நேற்றுவரை வழியெல்லாம் நன்றாக ஓடி வந்ததுதான். இரண்டும் சேருகிற இடத்தில்தான் கோளாறு. அந்த இடத்தைத் தேடிப் போவதுதான் வேலை.

போனதும் கருவி எதையும் கையில் எடுப்பதில்லை. “என்னென்ன ஓடலை?” என்று மட்டும் கேட்பேன். இந்த வண்டிகளுக்குள் இரண்டு வகை கரண்டு ஓடுகிறது. லைட்டு, தண்ணீர் மோட்டார், சின்ன ஃபேன் எல்லாம் 12 வோல்ட், பேட்டரியிலிருந்து. ஏ.சி., இண்டக்‌ஷன் அடுப்பு போன்றவை 230 வோல்ட், வீட்டிலிருந்து வரும் ஒயரில். ஏ.சி. மட்டும் நின்று லைட்டு எரிந்தால் வெளியிலிருந்து வரும் கரண்டு உள்ளே சேரவில்லை. ஏ.சி. ஓடி லைட்டு எரியாவிட்டால் பேட்டரிப் பக்கம் பியூஸோ மெயின் சுவிட்சோ போயிருக்கிறது. எல்லாமே நின்றிருந்தால்தான் யோசிக்க வேண்டும். பெரும்பாலும் அது இரவிலேயே தொடங்கிய கதை. வீட்டுக் கரண்டு எப்போதோ நின்றிருக்கும். பேட்டரியை ஏற்றும் சார்ஜர் ஓடாதது யாருக்கும் தெரியாது, பேட்டரி அதை மறைத்துக்கொண்டு விடியும்வரை தாங்கியிருக்கும். ஆகவே லைட்டு அணைந்த நேரத்தைக் கேட்டுப் பயனில்லை. கடைசியாக ஏ.சி. ஓடியது எப்போது, அந்த நேரம் வீட்டில் யார் எதைப் போட்டார்கள் என்றுதான் கேட்க வேண்டும்.

பேட்டரி முனையில் மீட்டரை வைத்தால் ஒரு நிமிடத்தில் பாதி தெரிந்துவிடும். முழு சார்ஜில் ஓய்வாக இருக்கும் லெட் ஆசிட் பேட்டரி 12.7 வோல்ட் அளவில் காட்டும். வீட்டு ஒயரைச் செருகியதும் 13-ஐத் தாண்டி மேலே ஏற வேண்டும். செருகிய பிறகும் முள் அசையவில்லை என்றால் சார்ஜருக்கு கரண்டு எட்டவில்லை, அல்லது சார்ஜர் போய்விட்டது. எதுவென்று பார்க்க வீட்டுப் பக்கம் திரும்ப வேண்டும்.

அங்கேதான் பலரையும் டெஸ்டர் ஏமாற்றுகிறது. டெஸ்டருக்குள் இருக்கும் நியான் விளக்கு எரிய மிகமிகச் சின்ன கரண்டு போதும். ஒயரில் ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது பளிச்சென்று எரியும். “கரண்டு வருது, பாத்துக்கிடுங்க” என்று வீட்டுக்காரர் டெஸ்டரைக் காட்டும்போது நான் மறுத்துப் பேசுவதில்லை. வோல்டேஜ் வந்திருக்கிறது. அது வேலை செய்யுமா என்பது இனிமேல் பார்க்க வேண்டியது. டிஜிட்டல் மீட்டரும் இந்த விஷயத்தில் டெஸ்டருக்கு அண்ணன்தான். லோடு இல்லாத பிளக்கில் 228 என்று காட்டும், கெட்டில் போட்டால் விழுந்துவிடும். அதனால்தான் 200 வாட் குண்டு பல்பில் செய்த டெஸ்ட் லாம்பை இன்னும் பையில் வைத்திருக்கிறேன். அது உண்மையாகவே கரண்டை இழுக்கும். பாதை மோசமென்றால் மங்கலாக எரிந்து காட்டிக்கொடுக்கும். டெஸ்டருக்கு ஒரு இடத்தில் மட்டும் பெரிய மரியாதை உண்டு: சாமான் ஏதாவது போட்ட நிலையில் பிளக்கின் இரண்டு துளையிலும் அது எரிந்தால் நியூட்ரல் அறுந்துவிட்டது என்று அர்த்தம். ஃபேஸ் அந்தச் சாமான் வழியாக மறுபக்கம் வந்து நிற்கிறது. அந்த நியூட்ரலைக் ‘கரண்டு இல்லாத ஒயர்’ என்று நம்பி யாரும் தொட்டுவிடக் கூடாது.

முட்டம் பக்கம், கடலுக்குச் சற்றே உள்ளே, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வீடு. மருமகன் வண்டியோடு வந்திருந்தார். “மாமா, ராத்திரி ரெண்டு தடவை ஏ.சி. நின்னுட்டு தானா வந்துது. காலையில எல்லாமே போச்சு” என்றார். ஆசிரியர் என்னிடம், “அண்ணாச்சி, நம்ம வீட்டுல ஒரு கொறையும் இல்ல. வண்டிலதான் என்னமோ” என்றார். நின்று நின்று வந்தது என்ற சொல்லில்தான் எனக்குப் பிடி கிடைத்தது. பியூஸ் போனால் தானாக வராது. எம்சிபி விழுந்தால் யாராவது தூக்க வேண்டும். தானாகப் போய்த் தானாக வருவது வோல்டேஜ்.

அந்த வண்டியில் இருந்தது சார்ஜரும் சேர்ந்த இன்வெர்ட்டர். யுபிஎஸ் நிலையில் வைத்திருந்தார்கள். அந்த நிலையில் இத்தகைய இன்வெர்ட்டர்கள் 180-இலிருந்து 260 வோல்ட் வரைதான் வெளிக் கரண்டை ஏற்றுக்கொள்ளும். அதற்குக் கீழே போனால் சத்தமில்லாமல் பேட்டரிக்கு மாறிவிடும். ஏ.சி. கம்பிரசர் எடுக்கிற நொடியில் ஓடுகிற கரண்டைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். அந்த நொடியில் வோல்டேஜ் சரிகிறது, இன்வெர்ட்டர் வெளிக் கரண்டைக் கைவிடுகிறது, ஏ.சி. நிற்கிறது, லோடு போனதும் வோல்டேஜ் மீள்கிறது, மறுபடியும் ஏற்கிறது. இரவெல்லாம் இதே கதை. பேட்டரி நிறைய நேரமே கிடைக்கவில்லை.

கார் ஷெட் பிளக்கில் மீட்டரை வைத்தேன்: 228. ஆசிரியர் முகம் மலர்ந்தது. அதே பிளக்கில் அவர்கள் வீட்டு 1500 வாட் கெட்டிலைப் போடச் சொன்னேன். 196-க்கு இறங்கியது. 32 வோல்ட் எங்கோ போகிறது. எங்கே என்று பார்க்க ஒரு நீண்ட ஒயரை மெயின் போர்டின் நியூட்ரலில் தொட்டுக்கொண்டு வந்து, மீட்டரின் ஒரு முனையில் கோர்த்து, மறுமுனையைப் பிளக்கின் நியூட்ரலில் வைத்தேன். ஒரே ஒயரின் இரண்டு நுனிகள். அதிகம் போனால் மூன்று நான்கு வோல்ட் இருக்கலாம். 25-க்கு மேல் காட்டியது. கெட்டில் இழுத்தது ஏறக்குறைய ஐந்தரை ஆம்பியர். அப்படியென்றால் நியூட்ரல் பாதையில் எங்கோ ஒரு முனையில் 140 வாட் அளவுக்கு வெப்பம் இறங்கிக்கொண்டிருக்கிறது.

வராந்தா சுவிட்ச் போர்டைக் கழற்றியதும் வாடை வந்தது. பழைய அலுமினிய ஒயரோடு புதுச் செம்பு ஒயரை முறுக்கிச் சேர்த்து, மேலே டேப் சுற்றியிருந்தார்கள். டேப் உருகி ஒயரோடு ஒட்டியிருந்தது. பிரித்தால், செம்பில் பச்சை பூத்திருந்தது, அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது. அலுமினியமும் செம்பும் நேருக்கு நேர் தொட்டால் ஈரத்தில் அரிக்கும். உப்புக் காற்றில் இன்னும் சீக்கிரம் அரிக்கும். ஒக்கிப் புயலுக்குப் பிறகு அவசரமாகப் போட்டது என்று ஆசிரியர் நினைவுகூர்ந்தார். 2017 நவம்பர் 30-இல் அடித்த அந்தப் புயலில் மாவட்டம் முழுக்க ஆயிரக்கணக்கில் மின்கம்பங்கள் சாய்ந்தன, ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. கரண்டு வந்த அன்று எப்படியாவது லைட்டு எரிந்தால் போதும் என்றிருந்த வீடுகளில் இப்படிப் பல இணைப்புகள் தற்காலிகமாகப் போடப்பட்டு, பிறகு யாரும் திறந்து பார்க்காமலேயே நிலைத்துவிட்டன. ஒரு பல்புக்கும் சார்ஜருக்கும் அவை தாங்கும். ஏ.சி. வண்டி வந்து நின்றால்தான் குட்டு வெளிப்படும்.

இன்வெர்ட்டரை யுபிஎஸ் நிலையிலிருந்து மாற்றிவிட்டால் குறைந்த வோல்டேஜையும் ஏற்குமே என்று மருமகன் கேட்டார். ஏற்கும், ஆனால் அந்தக் குறைந்த வோல்டேஜில் ஏ.சி. கம்பிரசர் திணறிச் சூடாகும், அந்த டேப்புக்குள் நெருப்பும் அப்படியே இருக்கும். அவருக்கு அது உடனே புரிந்தது. கிண்டி எடுத்துக் காட்டிய ஒயரை வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதற்கு நேர் எதிரான பழுது ஒன்று உண்டு. வண்டி ஒயரைச் செருகியவுடன் வீட்டின் ஆர்சிசிபி விழுந்துவிடும். ஃபேஸில் போகிற கரண்டும் நியூட்ரலில் திரும்புகிற கரண்டும் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசப்பட்டாலே துண்டித்துவிட வேண்டும், அதுதான் அதன் கடமை. “ஆர்சிசிபியை எடுத்துட்டு நேரடியாக் குடுங்க” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அதை நான் ஒருபோதும் செய்வதில்லை. வண்டியின் எல்லா எம்சிபியையும் அணைத்துவிட்டுச் செருகிப் பார்த்தும் விழுகிறதா? வீட்டில் எதுவும் ஓடாதபோது நின்று, ஃபிரிட்ஜ் எடுத்ததும் விழுகிறதா? அப்படியானால் வண்டிக்குள் நியூட்ரலும் எர்த்தும் எங்கோ சேர்ந்திருக்கின்றன. சில இன்வெர்ட்டர்களில் பேட்டரியில் ஓடும்போது இரண்டையும் உள்ளே சேர்த்துவிடுவார்கள், வெளிக் கரண்டு வந்ததும் ரிலே பிரித்துவிட வேண்டும். ரிலே ஒட்டிக்கொண்டாலோ, வண்டி கட்டியவர் நிரந்தரமாகவே இணைத்திருந்தாலோ, வீட்டு ஃபிரிட்ஜின் நியூட்ரல் கரண்டில் ஒரு பங்கு வண்டி வழியாக மண்ணுக்குப் போகும். சிங்கிள் போல் எம்சிபியை அணைத்தால் ஃபேஸ் மட்டுமே அறுபடுகிறது, நியூட்ரல் அப்படியே நிற்கிறது. அதனால் வண்டியின் நுழைவில் டபுள் போல் சுவிட்ச் இருந்தே ஆக வேண்டும்.

நம் வீடுகளுக்கே உரிய இன்னொன்று, இன்வெர்ட்டர் லைன். வசதிக்காக ஷெட் பிளக்கையும் வீட்டு இன்வெர்ட்டர் லைனில் சேர்த்திருப்பார்கள். கரண்டு கட் ஆனதும் வண்டியின் பாரம் முழுவதும் அந்த இன்வெர்ட்டர் தலையில் ஏறும், அது ஓவர்லோடு என்று கத்திவிட்டு நிற்கும். பிளக் எந்த லைன் என்பதை மெயினை இறக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எர்த்தைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வராது. வண்டி ரப்பர் டயரில் நிற்கிறது, பிறகென்ன பயம் என்பார்கள். டயரில் நிற்பதால்தான் பயம். வண்டிக்குள் ஃபேஸ் எங்காவது பாடியில் கசிந்தால், எர்த்து ஒயர் இல்லாதபோது அந்தக் கசிவுக்குப் போக்கிடமில்லை, பாடி முழுவதும் அதைத் தாங்கி நிற்கும். மழை நனைத்த முற்றத்தில் வெறுங்காலோடு நின்று கதவுக் கைப்பிடியைப் பிடிக்கிற குழந்தைதான் அதற்குப் பாதையாகும். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு மழையும் உண்டு, முற்றம் காய்ந்திருக்கிற மாதங்கள் குறைவு. இரண்டு பின் பிளக்கில் மாட்டி வண்டிக்குக் கரண்டு கொடுத்திருந்தால் பழுது பார்ப்பதற்கு முன்பு அதைப் பிடுங்கிவிடுவேன்.

அதேபோல, கரண்டு போனால் வண்டி இன்வெர்ட்டரிலிருந்து வீட்டுக்குக் கொடுக்கலாமே என்று இரண்டு பக்கமும் பின் வைத்த ஒயர் செய்து கேட்பவர்கள் உண்டு. வீட்டு மெயினை இறக்க மறந்தால் அந்தக் கரண்டு தெருவுக்குப் போய், டிரான்ஸ்பார்மரில் தலைகீழாக ஏறி, 11,000 வோல்ட் லைனைத் தொடும். கம்பத்தில் லைன்மேன் இருப்பார். சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் அப்படி ஒரு ஒயரை நான் கட்டிக் கொடுப்பதில்லை.

ஆசிரியர் வீட்டில் ஷெட் பாயின்ட்டையே புதிதாகப் போட்டோம். மெயின் போர்டிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், நடுவில் ஒரு இணைப்பும் இல்லாமல் நேராக. அதற்கென்று தனி 16 ஆம்பியர் எம்சிபி, தனி 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. மூடியுள்ள பெட்டியைக் கடல் காற்று நேராக அடிக்காத சுவரில் வைத்தோம். வண்டியின் எக்ஸ்டென்ஷன் 1 சதுர மில்லிமீட்டர். 30 மீட்டர் நீளத்துக்குப் போய்வர 1 ஓமுக்கு மேல், 10 ஆம்பியருக்கே 11 வோல்ட் அதில் போய்விடும். அதை 2.5 ஆக்கினோம். சக்கரத்தில் சுற்றி வைத்தபடியே ஓட்டக் கூடாது, ஒயர் முழுவதையும் அவிழ்த்துப் போட வேண்டும் என்று மருமகனிடம் சொன்னேன். சுற்றின் நடுவில் சூடு வெளியேற வழியில்லாமல் உறை இளகும். மணல் கலந்த மண் என்பதால் எர்த்துக் குழிக்குப் பங்குனி, சித்திரையில் தண்ணீர் ஊற்றச் சொல்லியிருக்கிறேன்.

முடித்த பிறகு வண்டியைச் செருகவில்லை. முதலில் 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பைப் போட்டு அரை மணி நேரம் தண்ணீர் கொதிக்க விட்டோம். அதன்பின் அடுப்பை அணைத்து, மெயினை இறக்கிவிட்டு, பிளக்கின் முகத்தையும் எம்சிபியின் ஸ்குரூ இருக்கும் பக்கத்தையும் புறங்கையால் தொட்டுப் பார்த்தேன். எம்சிபி பக்கம் லேசாக வெதுவெதுப்பு தெரிந்தது. கழற்றி, ஒயர் நுனியைப் புதிதாகச் சீவி, மறுபடி முறுக்கினேன். திரும்பவும் அடுப்பைப் போட்டோம்.