ஒரு பெயர் போதாது

இங்கிலாந்திலிருந்து வந்து அமெரிக்காவில் முதன்முதலாகக் குடியேறியவர்களின் பூர்வீகத்தைத் தேடுவது என் வேலை. இருப்பது மாசசூசெட்ஸில் என்பதால், என்னிடம் வருகிறவர்களில் பலர் 1620இல் பிளிமத்துக்கு வந்த மேஃப்ளவர் கப்பலிலிருந்துதான் பேச்சைத் தொடங்குவார்கள். ‘எங்கள் முப்பாட்டன் அந்தக் கப்பலில் வந்தவர்’ என்று வீட்டில் சொல்லக் கேட்டு வளர்ந்திருப்பார்கள். முப்பாட்டனைப் பற்றி நான் எதுவும் கேட்பதில்லை. உங்கள் பிறப்புச் சான்றிதழ் இருக்கிறதா, அப்பாவுடையது இருக்கிறதா, தாத்தாவின் கல்யாணம் எந்த ஊரில் பதிவாயிற்று என்றுதான் கேட்பேன். கொடிவழியைக் கீழிருந்து மேலே ஏறித்தான் பிடிக்க வேண்டும். புகழ்பெற்ற ஒரு பெயரை மேலே வைத்துக்கொண்டு கீழே இறங்கினால், நாம் ஆசைப்பட்ட வீட்டு வாசலில்தான் போய் நிற்போம்.

கடலுக்கு இந்தப் பக்கத்து வேலை ஓரளவு எளிது. மாசசூசெட்ஸில் 1841 முதல் மாநில அளவில் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவுகள் இருக்கின்றன. அதற்கு முந்தியவற்றை ஊர் எழுத்தர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். மேஃப்ளவர் பயணிகளின் முதல் ஐந்து தலைமுறைகளை, 1897இல் தொடங்கப்பட்ட வழித்தோன்றல்கள் சங்கம் ஆதாரங்களோடு வரிசையாக நூல்களாக்கியிருக்கிறது. உண்மையான சிக்கல் அந்தக் கரையில் இருக்கிறது. கப்பல் ஏறுவதற்கு முன் இந்த மனிதர் எந்த ஊர், யாருடைய மகன் என்ற கேள்வி வந்ததும் பாதை மங்கிவிடும். பயணிகள் பெயரை எழுதி வைத்தவர்கள் அவர்களுடைய ஊரை எழுதி வைக்கவில்லை.

தொழில் கற்க வருகிறவர்களுக்கு நான் எப்போதும் காட்டும் பாடம் ஸ்டீபன் ஹாப்கின்ஸ். மேஃப்ளவரில் குடும்பத்தோடு வந்தவர். பயணத்தின்போதே அவருக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. ஓஷியானஸ் என்று பெயர் வைத்தார்கள். இவரை குளோஸ்டர்ஷயரின் வோர்ட்லி ஊர்க்காரர் என்றும், முதல் மனைவி கான்ஸ்டன்ஸ் டட்லி என்றும் நெடுங்காலம் புத்தகங்கள் எழுதிவந்தன. அந்த ஊரில் அதே பெயரில் ஒருவர் இருந்தார். அதுவே போதுமென்று எடுத்துக்கொண்டார்கள். ஸ்டீபன் என்பதும் ஹாப்கின்ஸ் என்பதும் அன்றைய இங்கிலாந்தில் சாதாரணப் பெயர்கள். பெயர் ஒன்றுதான் என்பதால் ஆள் ஒன்றாகிவிட முடியாது.

1998இல் கேலப் ஜான்சன் என்ற ஆய்வாளர் ஹாப்கின்ஸை ஹாம்ப்ஷயரின் ஹர்ஸ்லி என்ற ஊரில் கண்டுபிடித்தார். அவர் அங்கே கண்டது தனி ஒரு பெயரை அல்ல, ஒரு குடும்பத்தை. தேவாலயப் பதிவேட்டில் ஸ்டீபன் ஹாப்கின்ஸின் பிள்ளைகளாக எலிசபெத், கான்ஸ்டன்ஸ், ஜைல்ஸ் என்று மூவர் ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். பிளிமத் ஆளுநர் வில்லியம் பிராட்ஃபோர்டு தம் கையெழுத்துப் பிரதியில் எழுதிய பயணிகள் பட்டியலில், ஹாப்கின்ஸின் முந்தைய மனைவிக்குப் பிறந்தவர்களாக ஜைல்ஸும் கான்ஸ்டன்ஸும் வருகிறார்கள். ஸ்டீபன் ஹாப்கின்ஸ்கள் பலர் இருக்கலாம். கான்ஸ்டன்ஸ் என்ற மகளும் ஜைல்ஸ் என்ற மகனும் சரியான வயதில் ஒரே வீட்டில் அமைந்த ஸ்டீபன் ஹாப்கின்ஸ் எத்தனை பேர் இருக்க முடியும்? ஒருவரைத் தேடும்போது அவரைச் சுற்றி நிற்பவர்களைத் தேடு என்று நான் சொல்வது இதனால்தான். மனைவி, மக்கள், சாட்சிக் கையெழுத்துப் போட்டவர், அடுத்த வயல்காரர் ஆகிய இவர்கள்தான் ஆளை அடையாளம் காட்டுவார்கள்.

இதைச் செய்ய, பதிவேட்டைப் படிக்கத் தெரிய வேண்டும். ஒவ்வொரு தேவாலயமும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதி வைக்க வேண்டும் என்று 1538இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் உத்தரவிட்டார். முதலில் பல இடங்களில் காகிதத்தில் எழுதினார்கள். 1598இல் அவற்றைத் தோல் ஏட்டில் படியெடுக்கச் சொன்னபோது, முக்கியமாக எலிசபெத் ராணி பட்டத்துக்கு வந்த காலத்திலிருந்து எழுதினால் போதும் என்கிற வகையில் உத்தரவு அமைந்தது. அதனால்தான் பல ஊர்களின் பதிவேடு 1558இல் தொடங்குகிறது. அதற்கு முன் ஒன்றும் காணோமே என்று தவிப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் காரணத்தைத்தான்.

அடுத்து எழுத்து. அக்காலத்து எழுத்தர் கையெழுத்தில் ‘சி’ என்ற ஆங்கில எழுத்து இன்றைய ‘ஆர்’ போலிருக்கும். ‘ஈ’ திரும்பிப் படுத்திருக்கும். ‘எச்’சின் வால் கோட்டுக்குக் கீழே சுருளும். கண் பழகும் வரை பெயர்களைப் படிக்காதீர்கள் என்பேன். மாதங்களையும் கிழமைகளையும், திரும்பத் திரும்ப வரும் சொற்களையும் படியுங்கள். என்ன சொல் என்று தெரிந்த இடத்தில் அந்த எழுத்தரின் கை எப்படிப் போகிறது என்று பார்த்து வைத்துக்கொண்டால், தெரியாத பெயரில் அதே கை பிடிபடும். இந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். நானூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒருவர் பேனாவை எங்கே எடுத்தார், எங்கே மறுபடி வைத்தார் என்பது வரை தெரிய ஆரம்பிக்கும்.

அடுத்து நாள்காட்டி. ஹர்ஸ்லியில் கான்ஸ்டன்ஸுக்கு 1606 மே 11 அன்று ஞானஸ்நானம். தம்பி ஜைல்ஸுக்கு 1607 ஜனவரி 30. அப்படியே எடுத்துக்கொண்டால் இருவருக்கும் இடையே ஒன்பது மாதம்கூட இல்லை. ‘அப்படியானால் இவன் வேறு குடும்பத்துப் பிள்ளை’ என்று அவசரப்பட்டால் சரியான குடும்பமே கையைவிட்டுப் போய்விடும். அக்கால இங்கிலாந்தில் ஆண்டு பிறந்தது மார்ச் 25 அன்று. ஜனவரியும் பிப்ரவரியும் முந்தைய ஆண்டின் கடைசி மாதங்கள். எனவே அந்த 1607 ஜனவரி நம் கணக்கில் 1608. அக்காளுக்கும் தம்பிக்கும் ஒன்றே முக்கால் வயது இடைவெளி, கணக்கு நேராகிவிட்டது. இப்படிப்பட்ட தேதிகளை 1607/8 என்று இரண்டு ஆண்டும் தெரிய எழுதுவது எங்கள் வழக்கம்.

பதிவேட்டில் எழுதியிருப்பதைப் போலவே, எழுதாமல் விட்டதையும் படிக்க வேண்டும். ஜைல்ஸுக்குப் பிறகு அந்தத் தம்பதிக்கு ஹர்ஸ்லியில் பிள்ளை இல்லை. 1613 மே மாதம் மனைவி மேரியின் அடக்கம் பதிவாகிறது. அவர் விட்டுப்போன சொத்து தொடர்பான ஆவணத்தில் மூன்று பிள்ளைகளின் பெயரும் வருகிறது. இந்த ஆண்டுகளில் கணவர் எங்கே போயிருந்தார்? 1609இல் வர்ஜீனியாவை நோக்கிப் புறப்பட்ட ‘சீ வெஞ்சர்’ கப்பல் புயலில் சிக்கி பெர்முடாவில் தரை தட்டியது. அங்கே கரையேறியவர்களில் ஸ்டீபன் ஹாப்கின்ஸ் என்றொருவர் இருந்ததை உடன் பயணம் செய்த வில்லியம் ஸ்ட்ரேச்சி எழுதியிருக்கிறார். கப்பல் உடைந்ததோடு ஆளுநரின் அதிகாரமும் முடிந்தது என்று வாதாடியதற்காக அவருக்கு மரண தண்டனை விதித்தார்கள். மனைவி மக்களுக்கு நேரப்போகும் கதியைச் சொல்லி அவர் அழுது மன்றாட, மற்றவர்களும் பரிந்து பேச, மன்னிப்புக் கிடைத்தது. ஹர்ஸ்லி பதிவேட்டின் மௌனம் அந்த ஆண்டுகளோடு சரியாகப் பொருந்துகிறது. பெர்முடாவில் அழுதவர் சொன்ன மனைவி மக்களுக்கு ஹர்ஸ்லியில் பெயர் இருக்கிறது.

மறு முனையில் 1644இல் பிளிமத்தில் அவர் எழுதிய உயில் நிற்கிறது. மகன் ஜைல்ஸுக்குத் தம் பெரிய காளை. நிக்கோலஸ் ஸ்னோவின் மனைவியான மகள் கான்ஸ்டன்ஸுக்கு ஒரு பெண் குதிரை. ஹர்ஸ்லியில் ஞானஸ்நானம் பெற்ற குழந்தைகளே இந்தக் காளைக்கும் குதிரைக்கும் உரியவர்கள் என்று காட்ட, பிராட்ஃபோர்டின் பட்டியல் நடுவில் நிற்கிறது. இப்படித் தனித்தனியாக மூன்று பேர் எழுதியவை ஒத்துப்போனால்தான் நான் கோடு போடுவேன். ஹாப்கின்ஸின் பெற்றோரைப் பற்றி 2004இல் வெளிவந்த ஆய்வு, அப்பர் கிளாட்ஃபோர்டு என்ற ஊரில் 1581இல் ஞானஸ்நானம் பெற்ற ஒருவரை, ‘இவராக இருக்கலாம்’ என்ற அளவிலேயே முன்வைத்தது. அந்தத் தன்னடக்கத்தை நான் மதிக்கிறேன். அந்த இடத்தில் என் வரைபடத்திலும் புள்ளிக்கோடுதான்.

வீட்டுக் கதையைச் சேகரியுங்கள், ஆனால் அதைச் சான்றாக வைக்காதீர்கள் என்றும் சொல்வேன். மேஃப்ளவரில் வந்த ஜான் ஹவ்லண்டின் மனைவி ஆளுநர் கார்வரின் மகள் என்று குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக நம்பினார்கள். கல்லறைக் கல்லிலும் பொறித்தார்கள். காணாமல் போயிருந்த பிராட்ஃபோர்டின் பிரதி லண்டன் பிஷப்பின் நூலகத்தில் அகப்பட்டு 1856இல் அச்சான பிறகே, அவர் ஜான் டில்லியின் மகள் எலிசபெத் என்பது ஊரறியத் தெரிந்தது. டில்லியும் அவர் மனைவியும் வந்திறங்கியதும் பிளிமத்தில் இறந்துபோனவர்கள். ஆளுநரின் பெயர் வந்து மூடிக்கொண்டதால், பெற்ற தாய் தகப்பன் பெயர் மகளுடைய கதையிலிருந்தே மறைந்திருந்தது. ஒரு தவறான கோடு என்பது யாரோ ஒருவருக்குச் செய்யும் அநீதி என்பதை இதிலிருந்து கற்றேன்.

இந்த எண்ணம்தான் நான் எழுதித் தரும் ஒவ்வொரு அறிக்கையிலும் ஒரு பக்கத்தைக் கூட்டியது. அந்தப் பக்கம், குடியேறியவர்களுக்கு முன் அந்த மண்ணில் வாழ்ந்தவர்களுக்கானது. பிளிமத் குடியேற்றம் அமைந்த இடம் பட்டுக்செட் என்ற வாம்பனோவாக் மக்களின் ஊர். 1616க்கும் 1619க்கும் இடையில், ஐரோப்பியர் வழியாக வந்த கொள்ளைநோயில் அந்த ஊரே அழிந்தது. 1614இல் கடத்திக்கொண்டு போகப்பட்டதால் உயிர் பிழைத்த அந்த ஊர்க்காரர் டிஸ்குவாண்டம் திரும்பி வந்தபோது வீடுகள் வெறிச்சோடிக் கிடந்தன. 1621 மார்ச்சில் சமோசெட் என்ற பூர்வகுடி மனிதர் முதன்முதலாகக் குடியேற்றத்துக்குள் நடந்து வந்தார். அவரை அன்றிரவு தங்க வைத்தது ஹாப்கின்ஸ் வீட்டில்தான். அந்த வீட்டுப் பிள்ளைகளின் ஞானஸ்நான நாள் வரை நம்மால் சொல்ல முடிகிறது. அதே மண்ணில் இறந்த பட்டுக்செட் பிள்ளைகளில் ஒருவர் பெயரும் ஏட்டில் இல்லை. குடியேறியவரின் கதையை அந்த மண்ணில் முன்பு வாழ்ந்தவர்களை விட்டுவிட்டு எழுதினால் அது பாதி ஆவணம்தான்.

இந்த வேலையைத் தொடங்குகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் அது எந்தச் சான்றின்மேல் நிற்கிறது என்று எழுதுங்கள். தள்ளிவிட்ட சான்றையும், தள்ளியதன் காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள். வோர்ட்லிக் கதை அத்தனை காலம் நின்றதற்குக் காரணம், பின்னால் வந்தவர்கள் முடிவை மட்டும் படியெடுத்ததுதான். அதை மாற்ற ஒருவர் பதிவேட்டிடம் திரும்பிப் போக வேண்டியிருந்தது. நாளை என் கோட்டைச் சோதிக்க வருகிறவருக்கும் அந்த வழி திறந்திருக்க வேண்டும். அவர் சோதித்த பிறகும் நிற்கிற கோட்டைத்தான் பூர்வீகம் என்று ஒரு குடும்பத்தின் கையில் கொடுக்கலாம்.