கதவுக்கு வெளியே ஒரு கணவன்

திருமுல்லைவாயலில் எங்களுடையது இரண்டு அறை போர்ஷன். ஒரு அறையில் நான், அம்மா, டி.வி., குக்கர். இன்னொரு அறையில் சாயங்காலம் ஆறரையிலிருந்து ஒன்பதரை வரை என் மனைவியும், முகம் தெரியாத யாரோ ஒருவருடைய துக்கமும்.

மனைவி மனநல ஆலோசகர். கவுன்சலிங்! 2020 ஊரடங்கின்போது போனிலும் வீடியோவிலும் ஆரம்பித்தாள். ஊரடங்கு போய்விட்டது, கவுன்சலிங் போகவில்லை. ஆவடியிலும் பூந்தமல்லியிலும் இருக்கிறவர்கள் இரண்டு பஸ் மாறி வந்து வராந்தாவில் காத்திருக்க வேண்டாம் பாருங்கள். தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவாரோ என்ற பயமும் மிச்சம்.

பத்திரிகைக்கு எழுதிப் பிழைக்கிறவன் நான். வாரம் ஒரு கதைக்கு நாயாய் அலைகிறேன். பத்தடி தூரத்தில், ஒரு மரக்கதவுக்குப் பின்னால், தினம் மூன்று கதை அரங்கேறுகிறது. எனக்கு ஒன்றுகூடக் கிடையாது! என் நிலைமையை நீங்களே சொல்லுங்கள், ஸார்.

கல்யாணமான புதுசில் ஒருமுறை கேட்டுப் பார்த்தேன்.

“இன்னிக்கு என்ன கேஸ்?”

“உங்ககிட்ட சொன்னா அடுத்த வாரம் அச்சுல வரும்.”

“பேரை மாத்திடறேம்மா...”

“கதை அவங்களோடது. பேரை மாத்தினா உங்களோடதாயிடுமா?”

(இந்தக் கட்டுரைகூட அவள் படித்து, மூன்று இடத்தில் அடித்துக் கொடுத்த பிறகுதான் உங்கள் கைக்கு வருகிறது.)

ஆரம்பத்தில் அந்த அறையில் அவள் செய்த முதல் வேலை, சுவரில் இருந்த நகைக்கடை காலண்டரைக் கழற்றியது. அதில் முருகனும் இருந்தார், அம்பத்தூர் அட்ரஸும் இருந்தது. “அந்தப் பக்கம் பார்க்கிறவங்க என் சாமி எது, என் வீடு எங்கேன்னு யோசிக்கக் கூடாது. அந்த அம்பது நிமிஷம் அவங்களைப் பத்தி மட்டும்தான்.” கதவுக்கு அடியில் இடுக்கு. அதில் என் பழைய லுங்கி. வெளியே ஒரு ரேடியோ, உள்ளே பேசுவது கேட்காமலிருக்க. மனநலத் துறைக்கு அடியேனின் பங்களிப்பு அந்த லுங்கி.

அம்மாவுக்குத்தான் புரியவில்லை.

“தினம் கதவ சாத்திக்கிட்டு யார்கிட்டடா பேசுறா?”

“வேலை பாக்குறாம்மா. கஷ்டப்படுறவங்க அழுவாங்க, இவ கேப்பா.”

“அழுற சத்தமே வரலையே?”

“அழுறது அந்தப் பக்கம்மா!”

அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு இடப் பிரச்னை இன்னும் மோசமாம். பொதுவாகச் சொல்வாள். நம் பக்கத்து வீடுகளில் தனி அறை ஏது? ஒருத்தர் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து பேசுவார். இன்னொருத்தர் எஸ்டேட் கம்பெனியில் மாடிப்படிக்குக் கீழே. ஓடுகிற ரயிலிலிருந்து கூப்பிட்டால், “இறங்கி, தனியா ஒரு இடத்துல நின்னு பேசுங்க” என்று வைத்துவிடுவாள். கொரட்டூர் வரைக்கும் கம்பார்ட்மென்ட்டே காதைத் தீட்டிக்கொண்டு கேட்குமே!

ஒவ்வொரு முறையும் முதல் கேள்வி: “இப்ப எங்கே இருக்கீங்க? பக்கத்துல யார் இருக்கா?” திடீரென்று யாராவது அறைக்குள் வந்துவிட்டால் ‘கரண்ட் பில் கட்டிட்டேன்’ மாதிரி ஏதாவது சொல்லிப் பேச்சை மாற்றலாம் என்று முன்கூட்டியே ஏற்பாடு. லைன் கட்டானால் யார், எத்தனை நிமிஷத்தில் திருப்பிக் கூப்பிடுவது என்பதும் முதல் நாளே பேச்சு.

இதெல்லாம் சுலபம். கஷ்டம், ‘அக்கா’வில் இருக்கிறது.

நம் ஊரில் ‘மேடம்’ மூன்றாவது வாரம் ‘அக்கா’ ஆகிவிடும். அக்கா என்று ஆனபின் அக்காவுக்கு ராத்திரி பதினோரு மணிக்கு மெஸேஜ் போடலாம். அக்கா தங்கச்சி கல்யாணத்துக்கு வரணும். அக்காவுக்கு ஃபீஸ் கொடுப்பது மரியாதைக் குறைவு! நேரில் போனால் நர்ஸ், டோக்கன், வெயிட்டிங் ரூம் என்று நடுவில் நாலு வேலி. போனில் ஒரு வேலியும் இல்லை. உங்கள் மனைவி குட்நைட் அனுப்புகிற அதே வாட்ஸப்பில்தானே கவுன்சலரும் இருக்கிறார்?

“அக்கான்னு கூப்பிடட்டும், தப்பில்லை. ஆனா அந்த அக்கா ஒன்பதரைக்கு மேல மெஸேஜ் பார்க்க மாட்டா. அதை முதல் நாளே சொல்லிடுவேன்” என்பாள். தொழிலுக்குத் தனி நம்பர். அதில் அவள் போட்டோ கிடையாது. ஃபேஸ்புக்கில் நட்பு கிடையாது. கல்யாணப் பத்திரிகை வந்தால் வாழ்த்து உண்டு, வருகை இல்லை. “நான் போய் நின்னா, ‘இவங்க யாரு, உனக்கு எப்படிப் பழக்கம்’னு நாலு பேர் கேப்பாங்க. பாவம், அந்தப் பையன் என்ன பதில் சொல்வான்?”

ஒரு நாள் சந்தையில் ஒரு இளைஞர் எங்களைப் பார்த்துத் தயங்கினார். இவள் கத்திரிக்காயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவராகவே வணக்கம் சொன்னதும்தான் இவள் முகத்தில் சிரிப்பு வந்தது. யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கத்திரிக்காய் விலைதான் பதிலாக வந்திருக்கும்.

நான் பி.காம். எனக்கு இது கணக்குப் புத்தகத்தில்தான் புரிந்தது. மளிகைக் கடை வேறு, கடை முதலாளி வேறு. முதலாளியே தன் கடையிலிருந்து ஒரு கிலோ சர்க்கரை வீட்டுக்கு எடுத்துப் போனாலும் பற்று எழுத வேண்டும் என்பது அக்கவுன்டன்ஸியின் அரிச்சுவடி. கல்லாவும் சட்டைப்பையும் கலந்துவிட்டால் முதலில் மூழ்குவது கடை. கவுன்சலரும் அப்படித்தான். அவளும் ஆலோசகரும் ஒரே உடம்பில் இருக்கிற இரண்டு கணக்கு.

தொலைவிலிருந்து மனசுக்கு வைத்தியம் என்பது நேற்று முளைத்ததல்ல. வியன்னாவில் குதிரைக்குப் பயந்த ஒரு சின்னப் பையனுக்கு, அவன் அப்பா எழுதிய கடிதங்கள் மூலமாகவே ஃப்ராய்டு வைத்தியம் பார்த்து 1909-ல் எழுதினார். வைத்தியத்துக்காகப் பையனை அவர் நேரில் பார்த்தது ஒரே ஒரு தடவை. நம் சென்னையில் 1986-ல் டாக்டர் லக்ஷ்மி விஜயகுமார் ‘ஸ்நேஹா’வைத் தொடங்கினார். தற்கொலை எண்ணத்தில் தவிப்பவர்கள் போன் செய்தால் தொண்டர்கள் பொறுமையாகக் காது கொடுப்பார்கள். அண்ணா நகர் மேற்கு விரிவாக்கத்தில் இருக்கும் ‘ஸ்கார்ஃப்’ 2010-ல் புதுக்கோட்டை கிராமங்களுக்கு ஒரு பஸ்ஸை அனுப்பியது. பஸ்ஸுக்குள் டி.வி. திரை; திரையில் சென்னையிலிருந்து டாக்டர்; மருந்து அதே பஸ்ஸில்!

ஊரடங்கு தொடங்கிய 2020 மார்ச் 25 அன்றே தொலை மருத்துவத்துக்கு மத்திய அரசின் விதிமுறைகள் வந்தன. டாக்டர் யார், நோயாளி யார் என்று இரு பக்கமும் தெரிந்திருக்க வேண்டும் என்கிறது அது. 2017-ஆம் வருஷ மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு ரகசியம் காக்கப்படுவதை நோயாளியின் உரிமை என்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில சந்தர்ப்பங்களில் மட்டும் விலக்கு.

அந்த விலக்கு என்ன என்பதை ஒரு ராத்திரி பார்த்தேன்.

போன வருஷம். மணி ஒன்பது பத்து. கதவு படாரென்று திறந்தது. இவள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு சமையலறைக்குப் போனாள். பேச்சு நடுவில் லைன் போய்விட்டது. திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. முதல் நாளே வாங்கி வைத்த வீட்டு விலாசம், அவசரத்துக்கு ஒருவர் நம்பர், இரண்டும் அந்த நோட்டில். யாருக்கோ போன் செய்தாள். பிறகு நின்றாள். நாற்பது நிமிஷம், சுவரைப் பார்த்துக்கொண்டு. நான் டி.வி.யை அணைத்தேன். அம்மா ஒன்றும் கேட்கவில்லை.

போன் அடித்தது. “சரி... தனியா விடாதீங்க. கூடவே இருங்க. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க” என்றாள். அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

“என்னம்மா ஆச்சு?”

“தண்ணி குடுங்க.”

அவ்வளவுதான். மறுநாள் காலையில் அவளுடைய சீனியருக்குப் போன் போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். ஆலோசகருக்கும் ஓர் ஆலோசகர் உண்டு என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். உண்மையைச் சொல்கிறேன், கொஞ்சம் வலித்தது. தாலி கட்டியவன் இங்கே இருக்கிறேன், அழுவதற்கு வேறு ஒருவரா?

கேட்டேவிட்டேன். “உங்ககிட்ட அழுதா ஏன்னு சொல்லணும். சொல்ல எனக்கு உரிமை இல்லீங்க” என்றாள். நான் காபி போடப் போய்விட்டேன்.

அடுத்த வாரமும் ஆறரைக்கு அதே கதவு சாத்தப்பட்டது. ஒன்பதரைக்குத் தொழில் போன் பீரோவுக்குள் போனது. “ராத்திரி யாருக்காவது முடியலேன்னா?” என்றேன். அதற்கும் முதல் நாளே நம்பர் கொடுத்துவிடுகிறாள்: 14416. 2022 அக்டோபரில் வந்த டெலி மானஸ். அரசாங்கத்தினுடையது, இருபத்துநாலு மணி நேரமும், இலவசம். அவள் தூங்கினாலும் அது தூங்காது. நீங்களும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்; இன்று வேண்டாம் என்றாலும் நண்பனுக்கு உதவும்.

போனில் கவுன்சலிங் போகிற எண்ணம் இருந்தால் முதல் நாளே கூச்சப்படாமல் கேளுங்கள்: என்ன படித்திருக்கிறீர்கள், எவ்வளவு ஃபீஸ், எத்தனை மணி வரை கிடைப்பீர்கள், நான் பேசுவதைப் பதிவு செய்வீர்களா, லைன் போனால் என்ன செய்வோம்? பதில் தெளிவாக வந்தால் நல்ல இடம். ‘எப்ப வேணா கூப்பிடு தம்பி, உனக்காக நான் இருக்கேன்’ என்று மட்டும் வந்தால், பாசத்துக்கு நன்றி சொல்லிவிட்டு வேறு இடம் பாருங்கள்.

போன வாரம் அம்மா மெதுவாக மருமகளிடம், “எனக்கும் அப்பா போனதிலேர்ந்து மனசு சரியில்ல. ஒரு அம்பது நிமிஷம் குடேன்” என்றாள்.

“சொந்தக்காரங்களுக்கு நான் பார்க்கக் கூடாது, அத்தை. நல்லவங்களா வேற ஒருத்தர் நம்பர் தர்றேன்.”

“அது இருக்கட்டும். மருமகளா உக்காந்து கேளு.”

உட்கார்ந்தாள். ஹாலில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு. முடியும்போது மணி பதினொன்றரை. ஃபீஸ் கிடையாது.